கடலடியில் பழைய போர்க்கப்பல் கிடந்தால்: எடுப்பதா, விட்டுவைப்பதா?

கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களான குளச்சல், முட்டம், கடியபட்டணம், தேங்காய்பட்டணம் பக்கமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஊர் வரலாற்றைத் தொகுக்கும் ஆசிரியர் கேட்கிறார், தேவாலயப் பங்குப்பேரவையில் இருக்கும் பெரியவர் கேட்கிறார், கல்லூரி முடித்துவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போகும் இளைஞரும் கேட்கிறார். வலையில் பழைய இரும்புக் குண்டோ, பச்சை படிந்த செம்பு ஆணியோ ஏறினால், அதற்கடியில் ஒரு போர்க்கப்பலே கிடந்தால், என்ன செய்வது? மேலே கொண்டுவந்து ஊரில் வைப்பதா, கிடக்கிற இடத்திலேயே விடுவதா?

"அண்ணே, எடுத்துக் கரையில வச்சா நம்ம ஊருக்கு ஒரு பேரு வருமில்லா?" என்று ஒரு தம்பி கேட்டான். வரும். அந்தப் பொருள் பத்து வருஷம் கழித்தும் பொருளாகவே இருக்குமா என்பதுதான் என் கவலை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கரையில் இப்படிக் கேட்கக் காரணம் உண்டு. 1741 ஆகஸ்ட் 10 அன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் முறியடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777 இல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் யாராக இருந்தாலும், கொச்சிக்கும் கொழும்புக்கும் இடையே போகும் கப்பல் குமரிமுனையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். நம் கடலில் பார், அதாவது கடலடிப் பாறை, அதிகம். ஆனி, ஆடியில் குளச்சல் பக்கம் கடல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

எடுப்பது நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் முடிவு வராது. ஐந்து விஷயங்களை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது ஆபத்து இருக்கிறதா? இருநூறு முந்நூறு வருஷம் கடலடியில் கிடந்த கப்பல் தன்னைச் சுற்றியுள்ள மணலோடும் உப்போடும் ஒரு நிலைக்கு வந்திருக்கும். மணலுக்குள் புதைந்த மரத்துக்குக் காற்று கிடையாது, மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவும் எட்டாது. அந்த நிலையைக் குலைக்கப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை), நங்கூரம், தூர்வாரல், தூண்டில் வளைவு (கரையரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல்வரிசை) கட்டியதால் இடம் மாறிய மணல், அல்லது திருட்டு.

பொருள் எதனால் ஆனது? தங்கமும் பீங்கானும் அதிகத் தொல்லை தராதவை. வெண்கலப் பீரங்கிக்குக் கொஞ்சம் பக்குவம் வேண்டும். வார்ப்பிரும்பு பெரிய சிக்கல். மரம், தோல், கயிறு மூன்றும் அதைவிடப் பெரிய சிக்கல்.

கரையில் என்ன தயார்? தொட்டி, வேதிப்பொருள், தடையில்லாத மின்சாரம், தெரிந்த ஆள், அந்த ஆளுக்கு ஆண்டாண்டுக்கும் சம்பளம். ஐந்திலும் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

யாருக்குச் சொந்தம், உள்ளே யார் கிடக்கிறார்கள்? போர்க்கப்பல் வணிகக் கப்பலைப் போல அல்ல. அதற்கு ஒரு நாட்டின் கொடி உண்டு. அதோடு மூழ்கிய மனிதர்களும் உண்டு.

மீன்பிடிப்புக்கு என்ன ஆகும்? வெளியூரிலிருந்து வரும் நிபுணர்கள் கடைசியாகக் கேட்கும் கேள்வி இது. இங்கே அது முதலிலேயே கேட்கப்பட வேண்டும்.

## வழி 1: இருக்கும் இடத்திலேயே விட்டுக் காப்பது

நீரடிப் பண்பாட்டுச் செல்வங்கள் பற்றிய யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, நூறு ஆண்டுக்கு மேல் நீருக்கடியில் கிடப்பவற்றுக்கு இந்த வழியையே முதலில் கருதச் சொல்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. ஆனாலும் உலகெங்கும் கடல் தொல்லியலாளர்கள் கைக்கொள்ளும் நடைமுறை இதுதான்.

விட்டுவைப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதல்ல. பக்கவாட்டு ஒலியலைக் கருவியால் கடலடியைப் படம் எடுக்க வேண்டும். காந்தமானியால் இரும்பு எங்கெங்கே புதைந்திருக்கிறது என்று தேட வேண்டும். மூழ்குநர்கள் நூற்றுக்கணக்கில் படமெடுத்து, அவற்றை இணைத்து முப்பரிமாணப் படமாக்க வேண்டும். மரம் வெளியே தெரிந்தால் மணல் மூட்டைகளாலும் வலைவிரிப்பாலும் மூட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஆனி ஆடி முடிந்து கடல் தெளிந்தபின், போய்ப் பார்த்து வர வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு காவல்தான். காவல் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாக் கடலே சாட்சி. 1942 பிப்ரவரியில் அங்கே மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களைப் பார்க்க 2016 இல் மூழ்குநர்கள் போனார்கள். இரண்டு கப்பல்கள் முழுதாகக் காணாமல் போயிருந்தன. மூன்றாவதிலும் பெரும்பகுதி இல்லை. மணலில் அவற்றின் தடம் மட்டும் பதிந்திருந்தது. பழைய இரும்புக்காக அறுத்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கப்பல்களில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் செத்துக் கிடந்தார்கள். 1914 இல் சென்னையைக் குண்டு வீசிக் கலங்கடித்த எம்டன் கப்பலும் அதே ஆண்டு நவம்பரில் கொக்கோஸ் தீவுகளில் தரைதட்டி, 1950களில் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.

இரண்டாவது மறைமுகச் செலவு மக்களின் ஐயம். 'இந்த இடம் பாதுகாக்கப்பட்ட பகுதி, வலை போடக் கூடாது' என்று பலகை வைத்தால் இங்கே யார் நம்புவார்கள்? இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்றார்கள், பிறகு கன்னியாகுமரி பக்கத்துக் கோவளம் என்றார்கள், குமரிக்குத் தெற்கே மீன் மிகுந்த வெட்ஜ் பேங்க் பக்கம் எண்ணெய் எடுக்கப் பேச்சு வந்தது. ஒவ்வொன்றுக்கும் கரை முழுக்கத் திரண்டு நின்ற மக்கள் இவர்கள். 'கப்பலைச் சொல்லிக் கடலைப் பிடிக்கிறார்கள்' என்று அவர்கள் நினைத்தால் அதில் தவறு சொல்ல முடியாது. அதனால் தடை செய்யும் பரப்பு சிறியதாக இருக்க வேண்டும். தூண்டிலுக்குத் தடை கூடாது. இழுவைமடிக்கும் நங்கூரத்துக்கும் மட்டும் தடை போதும். எதுவாக இருந்தாலும் ஊரைக் கூட்டிப் பேசிய பிறகே வர வேண்டும்.

சரியாகப் பேசினால் இந்த வழிக்கு இங்கே கிடைக்கும் பலம் வேறெங்கும் கிடைக்காது. ஜிபிஎஸ்ஸும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் வருவதற்கு முன்பே, கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்வைத்து, எந்தப் பார் எங்கே கிடக்கிறது என்று சொன்னவர்கள் நம் ஆட்கள். கடியபட்டணம், குளச்சல் பக்கம் சிப்பிக்கு மூழ்குகிறவர்களுக்குப் பாறையின் ஒவ்வொரு இடுக்கும் தெரியும். சம்பளம் கொடுத்து அவர்களைக் கண்காணிப்பில் சேர்த்தால், ரோந்துப் படகு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவதைவிட நல்ல காவல் அமையும்.

இது சரியான வழி: கப்பல் மணலில் புதைந்திருக்கிறது, அருகே கட்டுமானம் எதுவும் வரவில்லை, ஆழம் அதிகம், எடுத்த பொருளுக்குச் சிகிச்சை செய்து வைக்கக் கரையில் பாதுகாப்பகம் இல்லை என்ற நிலையில். போரில் இறந்தவர்கள் உள்ளே இருந்தாலும் இதுவே வழி. 1971 டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் மூழ்கிய ஐஎன்எஸ் குக்ரியில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அந்தக் கப்பல் கடலிலேயே இருக்கிறது. நினைவிடம் கரையில் இருக்கிறது.

## வழி 2: தேர்ந்தெடுத்த பொருள்களை மட்டும் எடுப்பது

ஊர்களில் பெரும்பாலானோர் கேட்பது இதைத்தான். ஒரு பீரங்கி, ஒரு நங்கூரம், நாலு குண்டு. கேட்கச் சிறியதாக இருக்கிறது. இங்கேதான் அதிகம் ஏமாந்து போகிறோம்.

ஒரு வார்ப்பிரும்புக் குண்டை எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து வரும்போது அது குண்டு போலவே இருக்காது. சுண்ணாம்பும் மணலும் சிப்பியும் துருவும் சேர்ந்து கெட்டிப்பட்ட ஓடு அதை மூடியிருக்கும். சுத்தியலால் தட்டினால் ஓடு பிளந்து, உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் உருண்டையான, அழகான ஒரு குண்டு தெரியும். கையில் எடுத்தால் இருக்க வேண்டிய எடை இருக்காது. நகத்தால் கீறினால் கோடு விழும். இரும்பின் பெரும்பகுதியைக் கடல் கரைத்துக்கொண்டு போய்விட்டது. நின்றது பென்சில் கரியைப் போன்ற மிருதுவான கூடு. அதன் நுண்துளை முழுக்க உப்பு.

அதை மேசைமேல் வைத்துக் காயவிட்டால் சில நாளில் மேற்பரப்பில் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன நீர்முத்துகள் அரும்பும். தொட்டால் பிசுபிசுக்கும். உள்ளே இருக்கும் உப்பின் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன்பின் வெடிப்பு, பிறகு தோல் உரிவது போல அடுக்கடுக்காகக் கழன்று விழும். கடல் முந்நூறு வருஷத்தில் அழிக்காததைக் காற்று சில மாதத்தில் அழித்துவிடும். அதுவும் வருஷம் முழுக்க உப்புக்காற்று வீசும் குமரிக் கரையில்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. எடுத்த நொடியிலிருந்து பொருள் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். பிறகு காஸ்டிக் சோடா போன்ற காரக் கரைசலில் ஊறவைத்து, பெரும்பாலும் மெல்லிய மின்சாரமும் செலுத்தி, உப்பை இழுத்தெடுக்க வேண்டும். கரைசலை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் குளோரைடு அளவைச் சோதிக்க வேண்டும். குண்டுக்கு மாதக்கணக்கு, பெரிய பீரங்கிக்கு ஆண்டுக்கணக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓடிய மானிட்டர் என்ற இரும்புக் கப்பலின் சுழலும் பீரங்கிக் கூண்டை 2002 ஆகஸ்டில் எடுத்தார்கள். 120 டன் எடை. இருபது ஆண்டுகள் கடந்தும் அதன் சிகிச்சை முடிந்தபாடில்லை. கூண்டுக்குள் இரண்டு மாலுமிகளின் எலும்புகளும் இருந்தன. அவை 2013 இல் ஆர்லிங்டன் கல்லறையில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன.

பீரங்கி என்றால் இன்னொரு பயமும் உண்டு. பல பீரங்கிகள் குண்டும் மருந்தும் போட்ட நிலையிலேயே மூழ்கியவை. துளையைக் கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பது எந்த ஊரிலும் நடக்கக் கூடாத காரியம்.

நமக்கு மிக அருகிலுள்ள பாடம் இலங்கையின் காலி துறைமுகத்தில் இருக்கிறது. 1659 இல் அங்கே மூழ்கிய டச்சுக் கம்பெனிக் கப்பல் அவொன்ட்ஸ்டெர். கரைக்குப் பக்கத்திலேயே கிடந்த கப்பல்மேல் இருந்த மணல் அரித்துப்போய் மரம் வெளியே வரத் தொடங்கியதால், 2001 இலிருந்து முறைப்படி அகழாய்வு செய்தார்கள். இலங்கை மூழ்குநர்களுக்கே பயிற்சி கொடுத்து, கரையில் பாதுகாப்பகம் அமைத்து, ஒவ்வொரு பொருளையும் பதிவு செய்து, எல்லாம் ஒழுங்காக நடந்த வேலை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கரையோரம் இருந்த அந்தப் பாதுகாப்பகத்தையே அடித்துக்கொண்டு போனது. கப்பலிலிருந்து எடுத்த பொருள்களில் பல திரும்பவும் கடலுக்கே போயின.

குளச்சலில் அன்று நடந்ததை மறந்தவர் யாருமில்லை. அதனால் ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறேன். பொருளைக் கடற்கரை ஊரிலேயே வைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் சிகிச்சைத் தொட்டியும் சேமிப்பு அறையும் அலை எட்டாத மேட்டில் இருக்க வேண்டும். தக்கலை, நாகர்கோவில் பக்கம் இருந்தாலும் அது இந்த மாவட்டம்தான். சிகிச்சை முடிந்தபின் உதயகிரிக் கோட்டையிலோ கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்திலோ வைக்கலாம். சென்னைக்குப் போனால் பத்திரமாக இருக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக்குப் போகட்டும், தடையில்லை. திரும்பி வரும் தேதியைப் போகும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் எடுக்காமலேயே நிறையத் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்குப் பூம்புகார் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பலின் எச்சத்தைக் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் ஆராய்ந்தது. கிடைத்த ஈயக் கட்டிகளில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. சில கட்டிகள்தான், காலமும் தேசமும் தெரிந்துவிட்டது. நம் கடலில் ஏதாவது கிடைத்தாலும் அடையாளம் சொல்லக்கூடிய பொருளை மட்டும் முதலில் தேடுவதே புத்திசாலித்தனம். மணி, முத்திரை விழுந்த பீரங்கி, நாணயம் போன்றவை. குண்டு கிடைத்த மறுநாளே 'டச்சுக் கப்பல்' என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரிய பாடு.

இது சரியான வழி: பொருள் ஏற்கெனவே அசைந்துவிட்டது, அல்லது விட்டால் திருடு போகும், உடையும். கூடவே, தொட்டி தயாராக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் வழி 1 தான்.

## வழி 3: கப்பலையே தூக்குவது

ஸ்வீடனின் வாசா. 1628 இல் முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் சுமார் 1,300 மீட்டர் ஓடி மூழ்கிய கப்பல். 64 பீரங்கி சுமந்தது. 1956 இல் கண்டுபிடித்து 1961 ஏப்ரல் 24 அன்று நீருக்கு மேலே கொண்டுவந்தார்கள். இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் போய்ப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் மேரி ரோஸ். 1545 இல் மூழ்கி, 1982 அக்டோபர் 11 அன்று தூக்கப்பட்டது. 19,000 பொருள்களுக்கு மேல் கிடைத்தன. இந்த இரண்டையும் படத்தில் பார்த்தவர்களுக்கு 'நாமும் செய்தால் என்ன' என்று தோன்றுவது இயல்பு.

படத்தில் தெரியாதது இது. வாசாவின் மரம் சுருங்காமல் இருக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை 17 ஆண்டுகள் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். மேரி ரோஸின் மேல் முதலில் குளிர்ந்த நீர், பிறகு அதே மெழுகு, ஆகமொத்தம் 2013 வரை தெளிப்பு நிற்கவில்லை. அதோடும் முடியவில்லை. 2000 ஆம் ஆண்டில் வாசாவின் மரத்துக்குள் கந்தகம் அமிலமாக மாறி அரிப்பது தெரிந்தது. துருப்பிடித்த இரும்பு ஆணிகள் அதற்குத் துணைபோயின. 2011 முதல் 5,000க்கும் மேற்பட்ட ஆணிகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் போட்டார்கள். கப்பல் மேலே வந்து அறுபது வருஷம் தாண்டியும் செலவு நிற்கவில்லை. பணக்கார நாடு, மனம்வைத்துச் செய்கிறது.

நமக்குப் பணத்தைவிடப் பெரிய தடை கடலின் இயல்பு. பால்டிக் கடலில் உப்பு குறைவு. அதனால் கப்பற்புழு அங்கே வாழாது. வாசா முழுசாக நின்றது அதனால்தான். மேரி ரோஸில் சேற்றுக்குள் புதைந்த பாதி மட்டும் மிஞ்சியது. நம் கடல் வெதுவெதுப்பானது, உப்பு மிகுந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் புழு சில ஆண்டுகளிலேயே சல்லடையாக்கிவிடும். கட்டுமரத்தையும் வள்ளத்தையும் கரையேற்றிக் காயப்போட்டே பழகிய கரைக்கு இது புதிதல்ல. எனவே இங்கே கிடைக்கக்கூடியது, கப்பல் சாயாமலிருக்க அடியில் போடும் பாரக்கல்லுக்கும் பீரங்கிக்கும் அடியில் மணலில் அமுங்கிப்போன அடிப்பலகையாக இருக்கும். அதைத் தூக்க ஆகும் செலவில் மற்ற மூன்று வழிகளையும் பல கப்பல்களுக்குச் செய்துவிடலாம்.

இது சரியான வழி: உடற்பகுதி பெரிதும் முழுதாக இருந்து, ஓர் அரசு தலைமுறைக்கும் பணம் தருவதாகச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டால். குமரிக் கடலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 4: எடுத்து, அளந்து, மறுபடி புதைப்பது

அதிகம் பேசப்படாத வழி. கனடாவின் ரெட் பே என்ற இடத்தில் 1565 இல் மூழ்கிய சான் ஹுவான் என்ற பாஸ்க் திமிங்கில வேட்டைக் கப்பலில் இப்படிச் செய்தார்கள். போர்க்கப்பல் அல்ல, ஆனால் முறை பொருந்தும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, வரைந்து, அளந்து, 1985 வாக்கில் மறுபடி கடலடியில் புதைத்து மூடினார்கள். அறிவு கரைக்கு வந்தது, மரம் கடலில் பத்திரமானது.

கரையில் பல ஆண்டுச் செலவு இல்லை என்பது இதன் பலம். ஊர்மக்கள் பார்க்க ஒன்றும் இருக்காது என்பது குறை. அளவெடுத்த பின் ஒரு நல்ல மாதிரிக் கப்பலைச் செய்து பள்ளியிலோ நூலகத்திலோ வைத்தால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

இது சரியான வழி: மரம் நிறைய இருக்கிறது, அதைக் கிடக்கும் இடத்திலேயே விட்டுவைக்க முடியாது, பாதுகாப்பகத்துக்கு வழியில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | விட்டுக் காப்பது | சிலவற்றை எடுப்பது | முழுக்கப்பலைத் தூக்குவது | அளந்து புதைப்பது |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | அதிகம் |
| தொடர் செலவு | ஆண்டுதோறும் கண்காணிப்பு | பல ஆண்டுச் சிகிச்சை, பின் ஈரப்பதக் கட்டுப்பாடு | முடிவே இல்லை | குறைவு |
| மறைந்திருக்கும் ஆபத்து | திருட்டு, இழுவைமடி | காய்ந்து உதிர்வது, வெடிமருந்து | பாதியில் பணம் நிற்பது | புதைக்கும்போது சேதம் |
| மீன்பிடிப்பு | சிறு பரப்பில் நிரந்தரக் கட்டுப்பாடு | சில பருவம் மட்டும் | நீண்ட காலத் தடை | சில பருவம், பின் சிறு கட்டுப்பாடு |
| ஊருக்குக் கிடைப்பது | காவல் வேலை, படங்கள் | பார்க்கப் பொருள் | பெரிய அருங்காட்சியகம் | வரைபடம், மாதிரி |
| பின்னால் மனம் மாறினால் | எப்போதும் எடுக்கலாம் | திரும்ப முடியாது | திரும்ப முடியாது | மறுபடி தோண்டலாம் |

கடைசி வரிசையை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். விட்டுவைத்ததை நாளை எடுக்கலாம். எடுத்துக் கெடுத்ததை யாராலும் திருப்பி வைக்க முடியாது.

## உரிமை: பேசாமல் விட முடியாத விஷயம்

'என் வலையில் வந்தது எனக்கு' என்பது மீனுக்குச் சரி. நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உடைந்த கப்பலின் பொருளைக் கண்டெடுத்தவர் அரசு அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்று கப்பல் சட்டமும் சொல்கிறது.

அதற்கு மேலே நாடுகளின் உரிமை. டச்சுக் கம்பெனி 1799 இல் கலைந்தபோது அதன் சொத்து டச்சு அரசுக்குப் போனது. அதனால் கம்பெனிக் கப்பல்களுக்கு இன்றும் நெதர்லாந்து உரிமை பேசுகிறது. பேச்சு என்றால் சண்டை என்று பொருளல்ல. 1972 இல் ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்து, மேற்குக் கரையிலுள்ள தன் பழைய கப்பல்களின் உரிமையை ஆஸ்திரேலியாவுக்கே விட்டுக்கொடுத்தது. அவொன்ட்ஸ்டெர் ஆய்வுக்கும் டச்சு உதவி வந்தது. அரசு வழியாக முறையாகப் போனால் பணமும் பயிற்சியும் வரக்கூடும்.

குறுக்கு வழியில் போனால் என்ன ஆகும்? ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனம் 1804 இல் மூழ்கிய ஸ்பானியப் போர்க்கப்பலிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் அதிகமான நாணயங்களை 2007 இல் அள்ளியது. நீதிமன்றம் ஸ்பெயினுக்கே கொடுக்கச் சொன்னது. 2012 இல் எல்லாம் விமானம் ஏறிப் போயின. 'நாங்கள் செலவழித்து எடுக்கிறோம், பாதி உங்களுக்கு' என்று எந்த நிறுவனமாவது கரைக்கு வந்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

## நம் கரைக்கு எது

என் முடிவைத் தயங்காமல் சொல்கிறேன். பார்களுக்கு இடையே, ஆழத்தில், மணல் மூடிக் கிடந்தால் வழி 1. எவ்வளவு ஆசை இருந்தாலும் அதுவே.

இழுவைமடி ஓடும் தடத்தில் கிடந்தால் முதலில் தடத்தை மாற்றப் பேசிப்பார்க்க வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இங்கே இரண்டு வகை: சின்னமுட்டம் கிழக்குக்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சலும் முட்டமும் தேங்காய்பட்டணமும் மேற்குக்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கமென்றால் தடையின் முதல் வாரங்களில், கடல் மூர்க்கமாவதற்கு முன், விசைப்படகுத் தொந்தரவில்லாமல் ஆய்வு செய்யலாம். குளச்சல் பக்கம் தடையும் கடற்சீற்றமும் ஒன்றாக வருவதால் அந்த வசதி கிடையாது. அங்கே மார்கழிக்குப் பிறகுதான் நாள் குறிக்க வேண்டும். அதனால் மீன்பிடி நாள் போகும். போகும் நாளுக்கு இழப்பீட்டைத் திட்டச் செலவிலேயே சேர்த்து எழுத வேண்டும்.

துறைமுக வாயிலிலோ தூர்வாரும் இடத்திலோ கிடந்தால் கதை வேறு. தேங்காய்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, படகு கவிழ்ந்து, எத்தனை உயிர் போயிருக்கிறது என்று அந்தக் கரைக்குத் தெரியும். அங்கே முந்நூறு வருஷக் கப்பலுக்காக ஒரு நாள்கூடத் தூர்வாரலைத் தேவையில்லாமல் தள்ளிப்போடக் கூடாது. உலோகமும் பீங்கானும் வழி 2, மரம் வழி 4. கணக்கெடுத்து விரைவாக அப்புறப்படுத்த வேண்டும். கொஞ்சம் தகவல் போனாலும் போகட்டும். கடலுக்குப் போனவர் கரைக்குத் திரும்ப வேண்டும்.

## வலையில் ஏறிவிட்டால், முதல் ஒரு மணி நேரம்

முடிவு பெரியவர்கள் எடுக்கட்டும். படகில் இருப்பவர் செய்ய வேண்டியது சில காரியங்கள்தான்.

நீளமாக, கூம்பிய முனையோடு இருந்தால் அது பிற்காலத்து வெடிகுண்டாக இருக்கலாம். தட்டாதீர்கள், உருட்டாதீர்கள். 1093 என்ற எண்ணில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அழைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

மற்றபடி, ஏறிய இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை உடனே குறித்து வையுங்கள். ஆழத்தையும் எழுதுங்கள். மேலே படிந்த ஓட்டைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம். கழுவவோ துடைக்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். ஐஸ் பெட்டியைக் காலி செய்து கடல் தண்ணீர் நிரப்பி அதற்குள் அமிழ்த்துங்கள். பெட்டிக்குள் அடங்காததென்றால் ஈரச் சாக்கால் சுற்றி, கரை சேரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலோ செருப்போ வைத்து.

அந்தப் புள்ளியை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். அதில் படகின் பெயரும் கண்டெடுத்தவர் பெயரும் இருக்க வேண்டும். நாளை அருங்காட்சியகத்தில் பலகை வைக்கும்போது அந்தப் பெயரை எழுதச் சொல்லிக் கேட்க, கையில் இருக்கப்போகும் ஒரே சான்று அந்தக் காகிதம்.